டர்பன் – ஜொகன்னஸ்பர்க் அடிக்கடி ஓடும் காருக்கு எந்த டயர் மாற்றலாம்? ‘டிரெட்வேர் 500’ என்று இருந்தால் அதிக நாள் உழைக்குமா?

கேள்வி கேட்டவர் கொடுத்த விவரம் இது: டர்பனில் வீடு. வேலை விஷயமாக மாதம் ஒன்றிரண்டு முறை என்3 நெடுஞ்சாலையில் ஜொகன்னஸ்பர்க் போய்வருகிறார். முன் சக்கர டிரைவ் கார், டயர் அளவு 195/65 ஆர்15. முன்னால் இருக்கும் இரண்டும் மொட்டையாகிக்கொண்டு வருகின்றன. கடையில் அதிகம் கேள்விப்படாத பெயருள்ள ஒரு மலிவு டயரில் ‘டிரெட்வேர் 500’ என்று போட்டிருக்கிறது. பெயர் பெற்ற கம்பெனி டயரில் 340தான் இருக்கிறது, விலையும் கூட. 500தானே லாபம் என்று கேட்கிறார்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்த 340ஐத்தான் வாங்குவேன். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் புரியும்.

டிரெட்வேர் என்பது அமெரிக்க அரசின் தர அடையாள முறையில் வரும் எண். டெக்சாஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ என்ற ஊரைச் சுற்றியுள்ள பொதுச்சாலைகளில் கார்களை அணியாக ஓட்டுகிறார்கள். சோதிக்கும் டயரோடு ஒரு ஒப்பீட்டு டயரும் ஓடும். மொத்தம் 7200 மைல், அதாவது சுமார் 11,500 கி.மீ. அதற்குள் டயர் முழுதாகத் தேய்ந்துவிடாது. தேய்ந்த அளவை வைத்து மீதியைக் கணக்குப் போடுகிறார்கள். ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்தால் இது எவ்வளவு என்பதே அந்த எண். முக்கியமான விஷயம், எண்ணை டயரில் பொறிப்பது அந்தந்தக் கம்பெனியேதான். ஒரு கம்பெனி அடக்கமாகக் குறைத்துப் போடும், இன்னொன்று தாராளமாகப் போடும். அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயர்களை ஒப்பிடத்தான் அது ஓரளவு உதவும். வேறு வேறு கம்பெனிகளின் 500க்கும் 340க்கும் நடுவே நேர்க்கோடு போட முடியாது.

அதன் பக்கத்திலேயே ‘டிராக்‌ஷன் ஏ’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மழையில் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஈரச் சாலையில் நேராகப் போகும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கினால் எவ்வளவு பிடிப்பு என்பது மட்டுமே அந்தச் சோதனை. வளைவில் எப்படி நிற்கும், தேங்கிய தண்ணீர்மேல் மிதக்காமல் போகுமா என்பதெல்லாம் அதில் வராது.

நம் ஊருக்கு மழைதான் பெரிய சோதனை. ஜொகன்னஸ்பர்க் பக்கம் கோடையில் மதியத்துக்குமேல் இடியோடு கொட்டும் மழை. டர்பனில் கடற்கரை மழை. மேலே வான் ரீனன் கணவாயில் மூடுபனி, கீழே பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் இறக்கத்தில் லாரிகளின் வரிசை. குளிர்காலம் முழுக்க மழையில்லாமல் கிடந்த சாலையில் முதல் மழை விழும்போது, எண்ணெயும் ரப்பர்த் தூளும் சேர்ந்து வழவழவென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் முன்னால் போகிற லாரி பிரேக் போட்டால் நம்மைக் காப்பாற்றுவது ஈரப் பிடிப்பு ஒன்றுதான். அந்த டயர் பத்தாயிரம் கிலோமீட்டர் கூடுதலாக உழைக்குமா என்பதில் அப்போது யாருக்கும் அக்கறை இருக்காது.

ஈரப் பிடிப்பை ஒப்பிட ஐரோப்பிய லேபிள் நல்ல வழி. 2021 மே மாதத்திலிருந்து அதில் ஏ முதல் இ வரை ஐந்து படிகள். 80 கி.மீ. வேகத்தில் போகும்போது, அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் தூரத்தில் ஏறத்தாழ 3 முதல் 6 மீட்டர் வித்தியாசம் வரும். இரண்டு படி இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்கக் கடைகளில் அந்த லேபிள் ஒட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் தயாரிப்புப் பதிவேடு இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. டயரின் முழுப் பெயர், அளவு, பாரக் குறியீடு எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு நாட்டுச் சந்தைக்கு வேறு கலவையில் செய்வதும் உண்டு. எனவே பக்கச் சுவரில் எழுதியிருப்பது எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். நான் பி எழுத்துக்குக் கீழே இறங்க மாட்டேன்.

லேபிளிலும் ஒரு குறை இருக்கிறது. அது புது டயரின் கதை. பாதி தேய்ந்த பிறகு எப்படி நிற்கும் என்று சொல்லாது. 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பாவில் புதிதாக அங்கீகாரம் கேட்கும் கார் டயர் வகைகளுக்குத் தேய்ந்த நிலையிலும் ஈரப் பிடிப்புச் சோதனை வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. நாம் ஓட்டுகிற காலத்தில் பெரும்பகுதி தேய்ந்த டயரில்தானே ஓட்டுகிறோம்.

சரி, பணக் கணக்குக்கு வருவோம். உங்கள் சந்தேகத்துக்குச் சாதகமாகவே போட்டுப் பார்க்கலாம். மலிவு டயர் ஒன்று 1000 ராண்டு, உண்மையிலேயே 50,000 கி.மீ. உழைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல டயர் 1500 ராண்டு, 40,000 கி.மீ.தான் வருகிறது. நீங்கள் ஓட்டுவது ஆண்டுக்கு 25,000 கி.மீ. என்றால், நான்கு டயருக்கு முதலாவதில் ஆண்டுச் செலவு 2000 ராண்டு, இரண்டாவதில் 3750. வித்தியாசம் 1750 ராண்டு, மாதத்துக்கு 150க்கும் குறைவு. ஜொகன்னஸ்பர்க்குக்கு ஒரே ஒரு தடவை போய்வரும் பெட்ரோல் செலவும் ஏறக்குறைய அந்த 1750 ராண்டுதான். இது மலிவு டயர் சொன்னபடி உழைத்தால் வரும் கணக்கு. உழைக்காவிட்டால் வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

டயர் எவ்வளவு உழைக்கும் என்பதை அடுத்தவர் சொல்லித் தெரிந்துகொள்வது கடினம். மலையேறும் சாலையில் சுமையோடு ஓட்டுகிறவருக்கும் உம்ஹ்லாங்காவில் கடைக்குப் போய்வருகிறவருக்கும் ஒரே டயர் ஒரே மாதிரி தேயாது. உங்கள் காரில் நீங்களே அளக்கலாம், சுலபம்தான். ஆழம் பார்க்கும் சின்னக் கருவி வாகன உதிரிபாகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். புது டயரில் காடியின், அதாவது ரப்பரில் உள்ள பள்ளத்தின், ஆழம் பொதுவாக 8 மி.மீ. பக்கம் இருக்கும். மாட்டிய அன்றே உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் அளந்து, ஓடோமீட்டர் எண்ணோடு எழுதி வையுங்கள். 10,000 கி.மீ. ஓடிய பிறகு திரும்ப அளந்தால், ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று, புது டயரில் உயரமான ரப்பர்க் கட்டைகள் அசைந்து கொடுப்பதால் ஆரம்பத்தில் கொஞ்சம் வேகமாகத் தேயும், பிறகு நிதானப்படும். முதல் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இங்கே சட்டப்படி குறைந்தது 1 மி.மீ. ஆழம், டயரின் அகலம் முழுக்கவும் சுற்றளவு முழுக்கவும் இருக்க வேண்டும். காடிக்குள் சின்ன மேடாக இருக்கும் தேய்மானக் குறிப்புக் கட்டை உள்ள டயரில், ரப்பர் அந்தக் கட்டையின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அப்போதே சட்டத்துக்குப் புறம்பு. கார் டயர்களில் அந்தக் கட்டை 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும். என்3இல் மழையில் ஓட்டுகிறவர் அதுவரை காத்திருப்பது சரியில்லை என்பது என் எண்ணம். 3 மி.மீ. வந்ததும் மாற்றிவிடுங்கள். அதற்குக் கீழே போகப்போக, டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ளும் திறன் சட்டென்று சரியும். டயர் சட்டப்படி இல்லையென்றால் விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கவும் இடம் இருக்கிறது.

புது டயர் வாங்கும் முன் பழைய டயரை நன்றாகப் பாருங்கள். சாட்ஸ்வர்த்தில் நான் போகும் கடையின் அண்ணன் (கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் நான்காம் தலைமுறை, தமிழ் கொஞ்சம்தான் பேசுவார், ரப்பரை மட்டும் தலைகீழாகத் தெரியும்) கழற்றிய டயரை உருட்டிக் காட்டாமல் விலையே சொல்ல மாட்டார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயர்ந்திருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு ஓரம் மட்டும் மொட்டை என்றால் வீல் அலைன்மென்ட் போய்விட்டது. கையால் தடவும்போது ஒரு பக்கம் வழவழப்பாகவும் எதிர்ப்பக்கம் ரம்பம்போலவும் இருந்தாலும் அதே கதைதான். மேடு பள்ளமாகத் திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் சாலைக் குழிகளில் ஒருமுறை பலமாக இறங்கினாலே அலைன்மென்ட் நகர்ந்துவிடும். அதைச் சரி செய்யாமல் எந்த விலைக்கு வாங்கிய டயரும் பாதியிலேயே முடிந்துபோகும். பக்கச் சுவரில் புடைப்பு தெரிந்தால் அந்த டயர் எவ்வளவு புதிதானாலும் ஓட்டக் கூடாது. உள்ளே டயருக்கு வலுக்கொடுக்கும் நூல் அறுந்திருக்கிறது.

உங்கள் வழிக்கென்றே ஒரு விஷயம் இருக்கிறது, இதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. டர்பன் கடல்மட்டத்தில் இருக்கிறது, ஜொகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில். வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே சுமார் 1 பார், அங்கே 0.83 பார் அளவுதான். அழுத்தமானி காட்டுவது உள்ளே இருக்கும் காற்றுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை. அங்கே 2.2 பார் அடித்துக்கொண்டு கீழே இறங்கினால், வெப்பம் மாறாத பட்சத்தில் டர்பனில் 2.0 பக்கம்தான் காட்டும். காற்று எங்கும் கசியவில்லை, பஞ்சரும் இல்லை. இங்கே வெப்பம் கூடுதலாக இருந்தால் 10 டிகிரிக்கு ஏறத்தாழ 0.1 பார் திரும்பக் கூடும். குளிர்காலத்தில் ஜொகன்னஸ்பர்க்கின் அதிகாலைக் குளிரில் அடித்துவிட்டு வந்தால் இரண்டும் ஏறக்குறைய ஈடுகட்டிக்கொள்ளும். கோடையில் ஈடாகாது, டர்பனில் குறைவாகவே நிற்கும். ஆகவே ஊர் திரும்பிய மறுநாள் காலை, வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கதவு ஓரத்திலோ பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு. ஆட்களும் பெட்டிகளுமாக முழுச் சுமையோடு போகும்போது அடிக்க வேண்டிய கூடுதல் அளவும் அங்கேயே இருக்கும்.

இரண்டா நான்கா என்ற கேள்விக்கு: பின் டயரில் இன்னும் 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் இரண்டு மட்டும் வாங்கலாம். ஆனால் புதியவற்றைப் பின்னால் மாட்டுங்கள், பின்னால் இருந்ததை முன்னால் கொண்டு வாருங்கள். முன் சக்கர டிரைவ் கார்தானே, புதுசு முன்னால் இருந்தால்தானே நல்லது என்று கடையிலேயே சொல்வார்கள். ஆனால் மழையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சமாளிக்கலாம். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும், அதைச் சாதாரண ஓட்டுநர் யாரும் பிடித்து நிறுத்த முடியாது. டயர் கம்பெனிகளும் இதையே சொல்கின்றன. பிறகு 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும், அடுத்த முறை நான்கையும் சேர்த்தே மாற்றலாம்.

அளவு 195/65 ஆர்15க்குப் பிறகு 91எச் என்று இருக்கும். 91 என்றால் ஒரு டயர் தாங்கும் பாரம் 615 கிலோ, எச் என்றால் 210 கி.மீ. வேகம் வரை. வண்டிக் கம்பெனி சொன்னதைவிட இந்த இரண்டும் குறையக் கூடாது. டிஓடி என்ற எழுத்துகளோடு வரும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருந்தால் அதுதான் தயாரிப்பு நாள். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இரண்டு ஆண்டுக்கு மேல் கடையில் கிடந்ததை நான் வாங்க மாட்டேன்.

வெளிநாட்டுப் பெயரெல்லாம் கப்பலில்தான் வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். நீங்கள் போகிற வழிக்குப் பக்கத்திலேயே லேடிஸ்மித்தில் சுமிட்டோமோ கம்பெனி டன்லப் டயர் செய்கிறது. அந்த ஆலை 2006இல் இந்தியாவின் அப்போலோ கைக்கு வந்து, 2013இல் சுமிட்டோமோவுக்குப் போனது. காண்டினென்டலுக்கு க்கெபெஹாவிலும் (பழைய பெயர் போர்ட் எலிசபெத்) பிரிட்ஜ்ஸ்டோனுக்கு பிரிட்ஸிலும் ஆலை இருக்கிறது. ஈர எழுத்து ஏ அல்லது பி என்றால் இந்த மூன்றில் எது நியாய விலைக்கு வருகிறதோ அதை எடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சாலையோரம் விற்கும் பழைய டயர் மட்டும் வேண்டவே வேண்டாம். மொட்டையான டயரில் கத்தியால் காடி வெட்டிக் கறுப்புப் பூசி விற்கிறார்கள். அப்படி வெட்டியதில் நூலுக்குமேல் ரப்பரே மிச்சம் இருக்காது.

மாட்டும்போது வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், அலைன்மென்ட் அறிக்கையை அச்சிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கலாக இருக்கும், அதுவரை மழையில் நிதானமாகப் போங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டு இறுக்கத்தை ஒருமுறை சரிபார்த்துவிட்டு அப்புறம் ஜொகன்னஸ்பர்க் பயணத்துக்கு வண்டியை எடுங்கள்.