கிராஃப்ட் பீர ஆன்லைன்ல வித்து, சுற்றுச்சூழலுக்கு கெடுதல் இல்லாம கொரியர்ல அனுப்ப முடியுமா?

கிராஃப்ட் பீர், அதாவது சின்ன அளவுல காய்ச்சற பீர், அத ஓசூர்ல இருந்து விக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. கசப்ப முதல்லயே சொல்லிடறேங்க, தமிழ்நாட்டுல இது நடக்காது. 2003ல இருந்து சில்லறை கடை மொத்தமும் டாஸ்மாக் கையில. மது மாநில சமாச்சாரம்ங்கறதால ஊருக்கு ஒரு சட்டம், 2020 லாக்டவுன்ல ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கத்துல வீட்டுக்கே கொண்டு போய் குடுத்தாங்க, அத பாத்துட்டு இங்கயும் வந்துடும்னு மெஷின் வாங்கி வச்சிடாதீங்க. கர்நாடக பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டினா பெங்களூர்ல மைக்ரோபிரூவரி (பீர அங்கயே காய்ச்சி விக்கற எடம்) வரிசையா இருக்கு, ஆனா அந்த சரக்கு பார்டர் தாண்டி இந்தப் பக்கம் வந்தா வம்பு.

சரி, சட்டம் விடற ஊர்ல ஆரம்பிக்கறீங்கன்னே வச்சுப்போம். நாங்க காவேரிப்பட்டினத்துல மாம்பழக் கூழ கண்ணாடி பாட்டில்ல போட்டு ஆன்லைன்ல விக்கறோம், கண்ணாடிய உடையாம கொண்டு சேக்கற பாடு ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

எல்லாரும் அட்டை மக்குமா, டேப்பு பேப்பரான்னுதான் கேக்கறாங்க. என்னைக் கேட்டா முதல்ல எடைய பாருங்க. 330 மில்லி பீர் பாட்டில் காலியாவே 200 கிராம் பக்கம் வரும், அதே அளவு அலுமினிய கேன் 15 கிராம் இருந்தா அதிகம், அப்போ லாரி டீசல் எரிக்கறது பீருக்கா கண்ணாடிக்கா? கேனுக்குள்ள வெளிச்சமும் போகாது (கசப்புக்கு ஹாப்ஸ்ங்கற பூ போட்ட பீர்ல வெயில் பட்டா ஒரு நாத்தம் வரும், பிரவுன் பாட்டில் அதுக்குத்தான்). அலுமினியத்த புதுசா எடுக்க கரண்ட் எக்கச்சக்கமா குடிக்கும், ஆனா பழச உருக்க அதுல 5 சதவீதம் போதும், நம்ம ஊர் காயலான் கடைக்காரர் ஒரு கேன கூட விட மாட்டார். அதனால தூரத்துக்கு கேன்தான்.

கண்ணாடி ஜெயிக்கணும்னா பாட்டில் திரும்பி வரணும், கழுவி மறுபடி நிரப்பணும். காட்டுல உடைஞ்சு கெடக்கற பாட்டில் யானை கால கிழிக்குதுன்னு ஹைகோர்ட் சொன்னப்புறம் 2022ல நீலகிரி டாஸ்மாக்ல 10 ரூபா கூட வாங்கி, காலி பாட்டில குடுத்தா திருப்பி தர்றத ஆரம்பிச்சாங்கல்ல, அப்புறம் மத்த மாவட்டத்துக்கும் வந்துச்சு, அதே கணக்குதான் நாங்களும் கிருஷ்ணகிரி, ஓசூர், தர்மபுரி கஸ்டமருக்கு வச்சிருக்கோம். சென்னைக்கு வைக்கல, திரும்பி வர்ற கொரியர் காசுல ரெண்டு புது பாட்டில் வாங்கிடலாம்.

பேக்கிங்க பொறுத்தவரைக்கும் பபிள் ராப் இல்லாமலே முடியும். மாங்கா பெட்டிக்கு போடற வைக்கோல் சும்மா கெடைக்குதேன்னு ஆசைப்படாதீங்க, தூசி, பூச்சி, மழை நாள்ல ஈரத்த இழுத்து அட்டைய நமுத்துப் போக வச்சிடும். நாங்க அட்டைத் தடுப்பு போட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் பழைய பேப்பர் ரெண்டு சுத்து, மேலயும் கீழயும் கிழிச்ச கார்ட்டன் துண்டு அழுத்தி வைக்கறோம். மூடினதும் காதுகிட்ட வச்சு குலுக்குவோம், உள்ள கொஞ்சம் டொக்குனாலும் அத அனுப்ப மாட்டோம், மறுபடி பிரிச்சு கட்டணும், ஏன்னா கொரியர் தம்பி தூக்கி எறியறது கன்ஃபார்ம். ஒரு பாட்டில் உடைஞ்சா மத்த பாட்டில், அட்டை, டீசல் எல்லாம் சேத்து வேஸ்ட், அப்புறம் இன்னொரு பெட்டி வேற அனுப்பணும், அப்ப பிளாஸ்டிக் போடலன்னு பெருமைப்பட்டு என்ன ஆகப்போகுது.

பீருக்குன்னே இருக்கற தொல்ல சூடு. பாஸ்சுரைஸ் பண்ணாததுன்னா (கிருமி சாக சூடு பண்ணாதது) குளிர்லயே போகணும், தெர்மாகோல், ஐஸ் ஜெல்லுன்னு எறங்கினா நீங்க கேட்ட சுற்றுச்சூழல் அங்கயே காலி. ஏப்ரல், மே மாசம் தூரத்து ஆர்டர் எடுக்காம பக்கத்து ஊருக்கு மட்டும் குடுங்க. தெனமும் நாலு பெட்டி அனுப்பறதுக்கு பதிலா வாரத்துல ரெண்டு நாள் மொத்தமா பிக்கப் வைங்க, வண்டி நெறைஞ்சு போகும். ஏர்ல போற எக்ஸ்பிரஸ் ஆப்ஷன எங்க சைட்ல இருந்தே தூக்கிட்டோம், கொஞ்ச நாள் கேட்டாங்க, இப்ப யாரும் கேக்கறதில்ல.