நீச்சல் குள விளக்குக்கு ஸ்மார்ட் சுவிட்ச்: கேள்வி பதில்

கேள்வி: விளக்கு 12 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பிறகு, விளக்குப் பக்கம் சுவிட்சை மாட்டினால் ஷாக் பயம் இல்லைதானே சார்?

பதில்: முதலில், மெயின் கரண்டில் ஓடும் சுவிட்ச் 12 வோல்ட்டில் உயிரே பெறாது. இன்னொன்று, 300 வாட் விளக்குக்கு 230 வோல்ட்டில் 1.3 ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் ஓடும். 10, 16 ஆம்பியர் சுவிட்ச் கருகிவிடும். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர்), அப்புறம் சுவிட்ச், அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர், கடைசியில் விளக்கு. இதுதான் வரிசை.

கேள்வி: பழைய சுவிட்ச் பெட்டியில் இரண்டே வயர், இரண்டும் சிவப்பு. ஸ்மார்ட் சுவிட்சுக்கு நியூட்ரல் வேண்டுமாம். இதில் நியூட்ரல் எது அண்ணா?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே இல்லை. ஒன்று வருகிற ஃபேஸ், மற்றது விளக்குக்குப் போவது. உடனே சிலர் பச்சை (எர்த்) வயரை நியூட்ரலாக்கி வேலையை முடித்துவிடுவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆர்.சி.சி.பி. டிரிப் ஆனால் அதிர்ஷ்டம். எர்த் வயர் எங்காவது அறுந்திருந்தால், அதோடு சேர்ந்த குளத்து ஏணி, கைப்பிடி எல்லாவற்றிலும் கரண்ட் ஏறும். ஈரக் கையோடு ஒருவர் ஏணியைப் பிடிப்பார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் இருக்கும். ஸ்மார்ட் சுவிட்ச் மாட்யூலை அங்கே வைத்துவிடுங்கள். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, எலக்ட்ரீஷியன் கையால் செய்யுங்கள். முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: தண்ணீரிலிருந்து சுவிட்ச் எவ்வளவு தூரம் இருக்கணும்?

பதில்: ஐ.இ.சி. (உலக மின் தரநிலை அமைப்பு) விதிப்படி கரையிலிருந்து 2 மீட்டர் ஒரு கட்டுப்பாட்டு மண்டலம், அடுத்த 1.5 மீட்டர் இன்னொன்று. 3.5 மீட்டர் தாண்டி வைத்தால் தொல்லையில்லை. எப்படியும் போனில்தானே அணைக்கப் போகிறீர்கள்!

கேள்வி: பம்ப் ரூமில் இரும்புப் பெட்டிக்குள் வைத்தேன். அடிக்கடி ஆஃப்லைன்.

பதில்: இரும்பு வைஃபையை மறைக்கிறது. ஐ.பி.65 (தூசியும் தெறிக்கும் தண்ணீரும் புகாத) பிளாஸ்டிக் பெட்டிக்கு மாற்றுங்கள்.

கேள்வி: கலர் விளக்கு. நீல நிறத்தில் விட்டால், கரண்ட் போய் வந்ததும் பச்சையாகிறது. டிம்மர் போட்டால் சரியாகுமா?

பதில்: கெட்டுப்போகும்! இந்த வகை விளக்கு பலவற்றில், சட்டென்று அணைத்துப் போட்டால் நிறம் மாறும். அதற்குக் கரண்ட் கட்டும் உங்கள் விரலும் ஒன்றுதான். கரண்ட் வந்ததும் 'அணைந்தே இருக்கட்டும்' என்று ஆப்பில் வையுங்கள். டிம்மரை நானும் ஒருமுறை சோதித்தேன். டிரான்ஸ்ஃபார்மர் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டது, அன்று மாலையே கழற்றிவிட்டேன்.