யூதர்கள் ஏன் இயேசுவை மேசியாவாக ஏற்கவில்லை?

கேள்வி: ஏசாயா 53 போன்ற தீர்க்கதரிசனங்கள் அவர்கள் வேதத்திலேயே இருந்தும் யூதர்கள் ஏன் இயேசுவை ஏற்கவில்லை?

"அவங்க இருதயம் கடினப்பட்டுப் போச்சு" என்றுதான் சண்டே ஸ்கூலில் எனக்குச் சொன்னார்கள். ரொம்ப வருஷம் நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் யூதர்கள் தரப்பைப் படிக்க ஆரம்பித்தேன்.

மேசியா என்றால் எபிரெயத்தில் அபிஷேகம் பண்ணப்பட்டவர். கிறிஸ்து என்பது அதற்கே கிரேக்கச் சொல். சவுல், தாவீது எல்லாரும் அபிஷேகம் பெற்றவர்கள்தான். ஏசாயா 45-இல் பாரசீக ராஜா கோரேசுக்கே அந்தப் பெயர் கிடைக்கிறது. நாம் கவனிக்காமல் தாண்டிவிடுகிறோம். யூதர்கள் எதிர்பார்ப்பது தாவீதின் வம்சத்தில் வரும் ஒரு மனித ராஜாவை. அவர் சிதறிய ஜனத்தைச் சேர்க்க வேண்டும், எருசலேம் ஆலயத்தைக் கட்ட வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடஸ் இதைச் சட்டம் போலவே எழுதினார்: இதைச் சாதிக்காமல் கொல்லப்பட்டவர் வாக்களிக்கப்பட்டவர் அல்ல. கி.பி. 132-இல் ரோமருக்கு எதிராகக் கிளம்பிய பர் கோக்பாவை, பெரிய யூத மத ஆசானான ரபி அக்கிபாவே மேசியா என்று நம்பினார். பர் கோக்பா கொல்லப்பட்டார், அந்த நம்பிக்கையும் போயிற்று.

கிறிஸ்தவர்களுக்கோ கொல்லப்பட்ட இடத்தில்தான் விஷயமே தொடங்குகிறது. ஏசாயா 53 சொல்லும், பிறருக்காகப் பாடுபடும் தாசன் இயேசு. மீதி வேலை இரண்டாம் வருகையில். அந்தத் தாசன் இஸ்ரவேல் ஜனமே என்பார் யூத வேத உரையாசிரியர் ராஷி. ஏசாயா 49:3-இல் இஸ்ரவேலைத் தாசன் என்றே அழைத்திருப்பதால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது.

இந்த வாதம் நேருக்கு நேர் நடந்ததில் எனக்குப் பிடித்தது 1263 ஜூலையில் பார்சிலோனாவில், அரகோன் ராஜா முதலாம் ஜேம்ஸ் முன்னால் நடந்தது. ஒரு பக்கம் பாப்லோ கிறிஸ்தியானி, யூத மதத்திலிருந்து மாறி, டொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபையில் சேர்ந்த துறவி. மறுபக்கம் ஜெரோனா ஊர் ரபி மோசே பென் நாக்மான். ஆலயம் இடிந்த அன்றே மேசியா பிறந்துவிட்டார் என்று ரபிகளிடையே ஒரு பழைய கதை உண்டு. மேசியா ஏற்கெனவே வந்துவிட்டார் என்று காட்ட பாப்லோ அதை எடுத்து வைத்தார். கதைகளை நம்பியே ஆகவேண்டிய கட்டாயம் எனக்கில்லை, நம்பினாலும் உங்களுக்கு உதவாது என்றார் நாக்மான். ஆலயம் இடிந்தது கி.பி. 70-இல், இயேசு அதற்கு எவ்வளவோ முன்பே பிறந்தவர் ஆயிற்றே!

அதோடு விடவில்லை. மேசியா வந்தால் ஜனங்கள் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள், இனி யுத்தம் கற்கமாட்டார்கள் என்கிறார் ஏசாயா. இயேசு காலம் தொட்டு இன்றுவரை உலகம் கொடுமையும் கொள்ளையுமாகத்தானே இருக்கிறது என்று கேட்டார். யுத்தமே கற்கக் கூடாது என்றால் ராஜாவே, உமக்கும் உம் வீரர்களுக்கும் எவ்வளவு கஷ்டம் என்று ஒரு குத்து வேறு. ராஜாவின் முகத்துக்கு நேராக!

எனக்குப் புதிதாக இருந்தது அவர் சொன்ன இன்னொன்று. எங்கள் மதத்துக்கு மேசியா அவ்வளவு அடிப்படை இல்லை, நீரும் ராஜா, அவரும் ராஜா. நமக்குள் உண்மையான சண்டை கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்பதில்தான் என்றார்.

இதெல்லாம் அவரே எழுதிவைத்தது. கிறிஸ்தவர் தரப்பு லத்தீன் பதிவில் அவர் பதில் சொல்ல முடியாமல் திணறியதாக இருக்கிறது. ராஜா 300 தினார் கொடுத்து அனுப்பினார் என்கிறார் அவர். ஆனால் தன் பதிவை எழுதிக் கொடுத்ததற்காகவே டொமினிக்கன் துறவிகள் அவர்மேல் வழக்குப் போட்டார்கள். 1267-இல், எழுபது வயதைத் தாண்டிய கிழவர், சொந்த நாட்டை விட்டு எருசலேம் போய்ச் சேர்ந்திருந்தார்.