சைவச் சாப்பாடு, சர்க்கரை மாத்திரை, அம்மாவின் மறதி

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பிறந்ததிலிருந்து சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. 11 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் காலையில் ஒரு கிராம், இரவு ஒரு கிராம். நெஞ்செரிச்சலுக்கு நான்கு வருடமாகத் தினமும் வெறும் வயிற்றில் பான்டோப்ரசோல். ஒரு வருடமாக ஆளே மாறிவிட்டார். அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறார், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார், காரணமில்லாமல் அழுகிறார். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருக்கிறது என்கிறார். மனநல மருத்துவர் கொடுத்த எஸ்சிடலோப்ராம் மாத்திரையை ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறார். தூக்கம் பரவாயில்லை, மற்றபடி மாற்றமில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்னார்கள் என்று இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையும் போடுகிறார். வல்லாரை, வால்நட், பழைய சோறு, ஸ்பைருலினா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். “வயசானா அப்படித்தான்” என்கிறார் அப்பா. மூளைக்கு எந்தச் சாப்பாடு கொடுக்கலாம்? மனநல மாத்திரையை நிறுத்திவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: சாப்பாட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும்: வைட்டமின் பி12. வாழ்நாள் முழுக்கச் சைவம், பல வருட மெட்ஃபார்மின், பல வருட அமிலக் குறைப்பு மாத்திரை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே பி12 குறையலாம். உங்கள் அம்மாவுக்கு மூன்றும் இருக்கின்றன. 58 வயது இப்படி மறக்கிற வயதே இல்லை, அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

பி12 உடலுக்குள் போகிற வழியைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பாலிலும் தயிரிலும் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பான்டோப்ரசோல் அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. பிரிந்த பி12, இரைப்பை சுரக்கிற ஒரு துணைப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதி வரை பயணம் செய்து, அங்கே கால்சியத்தின் உதவியோடு உள்ளே போகிறது. அந்தக் கடைசி வாசலில் மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கிறது. அம்மா ஒரு நாளில் காபி, தயிர் எல்லாம் சேர்த்து 300 மில்லி பால் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு அதில் ஒன்றேகால் மைக்ரோகிராம் வரும். தேவை 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். வருவதே பாதி, அதிலும் இரண்டு இடத்தில் தடை. கல்லீரலில் சில மில்லிகிராம் சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. பல வருடம் கழித்துத்தான் தெரியும், அதுவும் மெதுவாக. அதனால்தான் வீட்டில் இருப்பவர்கள் வயதின் மேல் பழி போடுகிறார்கள்.

மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஹோமோசிஸ்டீன் என்ற பொருளை மெத்தியோனினாக மாற்ற பி12 வேண்டும், கூடவே ஃபோலேட்டும் வேண்டும். அந்த மெத்தியோனினிலிருந்து எஸ்-அடினோசில் மெத்தியோனின் என்ற ஒன்று உருவாகிறது. டோபமின், நார்அட்ரினலின் போன்ற நரம்புக் கடத்திகளை உடல் கையாளும்போதும், நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையைப் பராமரிக்கும்போதும் மெத்தில் தொகுதியைக் கொடுப்பது இதுதான். வரத்து குறைந்தால் மனச்சோர்வு, எரிச்சல், மறதி, சிலருக்குச் சந்தேக புத்தி, பிரமை வரைக்கும் போகும். உறை கெட்டால் கால் மரத்துப்போகும், நடை தடுமாறும். அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: முகம் கழுவக் கண்ணை மூடும்போது உடம்பு ஆடுகிறதா? செருப்பு கழன்றது தெரியாமல் நடக்கிறாரா? ஆமாம் என்றால் தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையாலும் பாதம் மரக்கும் என்பதால் பழியைச் சர்க்கரை மேல் போட்டுவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மருத்துவர் கால் பெருவிரலில் அதிர்வுக் கவை (டியூனிங் ஃபோர்க்) வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று பார்க்கட்டும், கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஃபோலிக் அமில மாத்திரையைப் பரிசோதனை முடிவு வரும்வரை நிறுத்திவையுங்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் உறுத்தியது இதுதான். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், ஆனால் நரம்புச் சேதத்தை நிறுத்தாது. ஹீமோகுளோபின் அழகாக ஏறும், கால் மட்டும் மோசமாகிக்கொண்டே போகும். இரும்புச் சத்தும் சேர்ந்து குறைந்திருந்தால் இன்னொரு ஏமாற்று உண்டு. பி12 குறைவில் சிவப்பணு பெரிதாகும், இரும்புக் குறைவில் சிறிதாகும். இரண்டும் கலந்தால், சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்கிற எம்.சி.வி. அளவு நடுவில் வந்து நின்று “நார்மல்” என்று அச்சாகிவிடும். ஆகவே முழு ரத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்பதை வைத்து பி12 குறைவு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

எந்த வைட்டமின் மாத்திரையையும் புதிதாக ஆரம்பிப்பதற்கு முன் ரத்தம் கொடுங்கள். அம்மாவின் மாத்திரை அட்டைகளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். கால் எரிச்சலுக்குக் கொடுக்கிற ப்ரிகாபலின் மாத்திரைகள் பலவற்றில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வகை சேர்ந்தே வரும். அது ரத்த அளவை ஏற்றிக் காட்டும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் சாப்பிட்டால் அதையும் பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள். சில ஆய்வகக் கருவிகளில் அது பி12 அளவைப் பொய்யாக உயர்த்தும். முடிவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு உறுதி. 200 முதல் 300 வரை இரண்டும்கெட்டான். அப்போது ஹோமோசிஸ்டீன் அல்லது மெத்தில்மலோனிக் அமிலம் பார்க்க வேண்டும், பி12 குறைந்தால் இரண்டும் ரத்தத்தில் ஏறும். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால் அளவு தானாக ஏறும். எடுத்தவுடன் ஐஸில் வைக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதே ரத்தத்தில் தைராய்டு, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), சோடியம் நான்கையும் பார்த்துவிடலாம். சோடியம் எதற்கு என்றால், எஸ்சிடலோப்ராம் வகை மாத்திரைகள் வயதான பெண்கள் சிலருக்குச் சோடியத்தைக் குறைக்கும், அதனாலும் குழப்பம் வரும். அம்மா க்ளைமெபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், எரிந்து விழுகிற நேரத்தில் விரலில் குத்தி ஒருமுறை சர்க்கரை பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அந்தக் கோபத்துக்குக் காரணம் வேறு.

குறைவு என்று தெரிந்துவிட்டால் சாப்பாட்டால் ஈடுகட்ட முடியாது. நரம்பு அறிகுறி இருப்பவர்களுக்குப் பொதுவாக 1000 மைக்ரோகிராம் ஊசியைத் தசையில் போடுவார்கள்: முதல் ஓரிரு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. முறை மருத்துவருக்கு மருத்துவர் கொஞ்சம் மாறும். ஹீமோகுளோபின் மிகவும் குறைந்திருந்தால் முதல் சில நாட்களில் பொட்டாசியத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஊசிகள் முடிந்த பிறகு தினம் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். தேவை இரண்டு மைக்ரோகிராம்தான், ஆயிரம் எதற்கு என்று தோன்றும். நான் மேலே சொன்ன முறையான வாசல் ஒரு வேளைக்கு இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் ஏற்காது. அதைத் தவிர, விழுங்கியதில் நூறில் ஒரு பங்கு குடல் சுவர் வழியே தானாகக் கசிந்து உள்ளே போகும். அதற்கு அமிலமும் வேண்டாம், துணைப் புரதமும் வேண்டாம், மெட்ஃபார்மினும் தடுக்காது. ஆயிரத்தில் பத்து உள்ளே போனால் போதும்தானே. 15 மைக்ரோகிராம் மட்டும் உள்ள சாதாரண பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை இந்த வேலைக்கு ஆகாது. மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமின் என்ற இன்னொரு பி12 வகையா என்று கடைக்காரர் கேட்டால் எழுதிக்கொடுத்ததையே வாங்குங்கள், இரண்டும் வேலை செய்யும்.

இனி ஆளுக்கொன்று சொன்ன சாப்பாடுகள். வல்லாரையிலும் வால்நட்டிலும் பி12 கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றுகிற, மனித உடலுக்குப் பயன்படாத ஒரு போலி. பழைய சோறு நல்ல உணவு, ஆனால் புளித்தது என்பதற்காக அதை பி12 மருந்தாக நம்ப முடியாது. செறிவூட்டிய அரிசிக்கு வகுத்திருக்கும் அளவே கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம்தான், ஒரு நாள் சாப்பிடுகிற 300 கிராமில் எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். “பாட்டி காலத்தில் எல்லோரும் சைவம்தானே, அவர்களுக்கு மட்டும் எப்படி?” என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். தென்னிந்தியர்களின் சிறுகுடலில் பி12 உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதை வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்கள் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் 1980-ல் எழுதினார்கள். ஆனால் அந்தப் பாட்டிகள் மெட்ஃபார்மினும் பான்டோப்ரசோலும் சாப்பிடவில்லை. எத்தனை பாட்டிகளுக்குக் கால் மரத்திருந்தது என்று யாரும் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

எஸ்சிடலோப்ராமை நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்த மாதிரி உணர்வு, எரிச்சல் எல்லாம் வரும், நோய் முற்றிவிட்டதாகப் பயந்துபோவீர்கள். பி12 முடிவை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், குறைப்பதா தொடர்வதா என்பதை அவர் சொல்லட்டும். பி12 குறைவும் மனச்சோர்வும் தனித்தனியாக ஒரே ஆளுக்கு இருக்கலாம். பி12 போதுமான அளவில் இருக்கிறது என்று முடிவு வந்தால், இன்னும் ஊசி போட்டு மனநிலையைத் தூக்க முடியாது. மெட்ஃபார்மினையும் நிறுத்த வேண்டாம். நல்ல மருந்து அது, கூட பி12 கொடுத்தால் போதும். பான்டோப்ரசோல் இன்னும் தேவையா என்று மட்டும் கேளுங்கள். நான்கு வருடம் யாரும் மறுபரிசீலனை செய்யாமலே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.

ரத்தம் ஒரு வாரத்திலேயே பதில் சொல்லும். சோர்வும் மனநிலையும் சில வாரங்களில். நரம்புக்கு மூன்று மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம், பழைய சேதம் முழுக்கத் திரும்பாமலும் போகலாம். மூன்று மாதம் கழித்து ரத்த எண்ணிக்கையும் ஹோமோசிஸ்டீனும் பாருங்கள். ஊசி போட்ட பிறகு பி12 அளவு எப்படியும் எகிறித்தான் இருக்கும், அதைப் பார்த்து “சரியாகிவிட்டது” என்று மருந்தை நிறுத்துவதுதான் பலர் செய்கிற தவறு. சைவமும் மெட்ஃபார்மினும் தொடரும்வரை மாத்திரையும் தொடர வேண்டும். ஒரே சமையலைச் சாப்பிடுகிற நீங்களும் அப்பாவும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குத் திட்டமிடும் யாராவது வீட்டில் இருந்தால் அவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அதுவரைக்கும் குளியலறையில் ஒரு ஸ்டூலும் இரவில் எரிகிற சின்ன விளக்கும் போடுங்கள், அம்மா இருட்டில் நடக்க வேண்டாம். பாதத்தைத் தினமும் நீங்களே பாருங்கள், புண் வந்தால் அவருக்குத் தெரியாது. பாலை நீங்கள் அடுப்பில் வையுங்கள்.