வாசல் பக்கம் படுத்துக்கொள் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் பம்பாய் தாராவியில இருக்கேன். 12-ஆம் வகுப்பு, காமர்ஸ். ஊர் திருநெல்வேலிப் பக்கம், ஆனா பிறந்ததே இங்கதான். உங்க கதை ஒண்ணுல ஒரு பொண்ணு அப்பா முன்னாடி நின்னு "இனிமே அம்மா மேல கை வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு வீட்டை விட்டு இறங்கிப் போவா. போன சனிக்கிழமை நானும் அதே மாதிரி குறுக்க போய் நின்னேன். காதோட சேர்த்து ஒரு அறை விழுந்துச்சு. அம்மாவுக்கும் அன்னைக்கு வழக்கத்தை விட அதிகமாத்தான் அடி. இடது காதுல இன்னும் கொய்ங்குன்னு சத்தம். அம்மா தேங்காய் எண்ணெய் காய்ச்சி விட்டாங்க.

"உங்களுக்காகத்தான் பொறுத்துக்கிட்டு இருக்கேன்"னு அம்மா சொல்றாங்க. பெரியப்பா, பரீட்சை முடிஞ்சதும் ஊர்ல மாப்பிள்ளை பார்த்திடலாம்னு சொல்றாரு. எனக்கு 18 முடிய இன்னும் 7 மாசம் இருக்கு. தம்பிக்கு 9 வயசு. குழந்தைங்க ஹெல்ப்லைன் 1098-க்கு போன் பண்ணா எங்க ரெண்டு பேரையும் ஹோம்ல போட்ருவாங்கன்னு ஃபிரெண்ட் சொல்றா. குடியை மறக்க வைக்கிற பவுடர் ஒரு கடைல விக்கிறாங்களாம், ரசத்துல கலந்தா தெரியாதாம். வாங்கலாமா? சாயங்காலம் ஆனாலே கை நடுங்குது. எனக்கு தைரியமே கிடையாதா அக்கா?

செ.

அன்புள்ள செ.,

முதலில் காது. இந்தப் பகுதியை உன் கடிதம் வந்த அன்றே தனியாக அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கேயும் வைக்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை உன்னிடம் கேட்டு மாற்றியிருக்கிறேன்.

உள்ளங்கை காதைப் பொத்தினாற்போல விழும்போது அடைபட்ட காற்று உள்ளே அழுந்தி செவிப்பறையைக் கிழித்துவிடலாம். இரைச்சல், காது அடைத்தாற்போல இருப்பது, கொஞ்சம் மந்தமாகக் கேட்பது எல்லாம் அதற்கான அறிகுறிகள். பறை கிழிந்திருந்தால் எண்ணெயும் தண்ணீரும் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கலாம். அதனால் எண்ணெய் வேண்டாம், பட்ஸ் வேண்டாம், டாக்டர் பார்க்கும்வரை கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சைக் காது வாயில் வைத்துக்கொள். மூக்கைப் பலமாகச் சிந்தாதே. சின்ன ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். ரத்தமோ சீழோ வந்தாலும், தலை சுற்றினாலும் ஓபிடி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே கேஷுவால்டிக்குப் போ.

சயான் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. அங்கே "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும்போது நம் வீடுகளில் எல்லோரும் சொல்லும் பதில், "பாத்ரூமில் வழுக்கிட்டேன்." அதைச் சொல்லாதே. "சனிக்கிழமை ராத்திரி, வீட்டில், அப்பா அறைந்தார்" என்று சொல். அது கேஸ் பேப்பரில் ஏறும். பின்னால் எந்தக் கோர்ட்டிலும் உங்கள் அழுகையை விட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். அப்படிச் சொன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போகலாம் என்பதையும் தெரிந்துகொண்டே போ. பாந்த்ரா பாபா ஆஸ்பத்திரியில் 'திலாசா' என்ற பிரிவு இருக்கிறது. மாநகராட்சியும் சேஹத் அமைப்பும் சேர்ந்து 2000-இல் ஆரம்பித்தது. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களோடு உட்கார்ந்து பேசுவதற்கென்றே அங்கே ஆட்கள் உண்டு. அம்மாவைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார்கள். உன் காதைக் காட்ட ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் வருவார்கள். அந்த வழியில் அழைத்துப் போ.

இனி அந்தக் கதை. அவள் வசனம் பேசிவிட்டுப் படியிறங்குகிறாள், கதை முடிகிறது. அவள் பையில் என்ன இருந்தது, இறங்கி எந்த வீட்டுக்குப் போனாள், தம்பி தங்கை இருந்தால் அவர்களை என்ன செய்தாள் என்று நான் எழுதவில்லை. அது கதையின் குறைதான். உன் கடிதத்தைப் படித்தபிறகு அந்தக் காட்சி எனக்கே கொஞ்சம் கூசுகிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி ரூமில் குறுக்கே நின்றால் என்ன ஆகும் என்பதை நீயே எழுதியிருக்கிறாய். குடித்திருப்பவருக்கு எதிரே நிற்கும் மகள் கெஞ்சுவதாகத் தெரியாது, சவால் விடுவதாகத்தான் தெரியும். அம்மாவோ தன்னை மறந்து உன்னைக் காப்பாற்ற முன்னால் வருவார்கள். அதனால்தான் அன்று இருவருக்கும் அடி கூடியது. உன் கோழைத்தனத்தால் இல்லை.

அந்த ராத்திரிகளில் நீ எங்கே இருக்கிறாய் என்பது முக்கியம். தாராவி வீடுகளில் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் இரும்பு ஏணியில் ஏறி மாளாவில், அதாவது மேலே இருக்கும் பரண் அறையில் ஒண்டிக்கொள்வார்கள். பாதுகாப்பு போலத் தோன்றும், ஆனால் இறங்க ஒரே வழி, அந்த வழியில் அவர் நிற்பார். மாளா வேண்டாம். அடுப்பு, கத்தி, அம்மிக்குழவி இருக்கும் மூலையும் வேண்டாம், அம்மாவையும் அந்தப் பக்கம் ஒதுங்க விடாதே. அவர் வருவதற்கு முன்பே நீயும் தம்பியும் வாசல் பக்கம் படுத்துக்கொள்ளுங்கள். செருப்பு வாசலிலேயே இருக்கட்டும். போன் சார்ஜில், உன் தலைமாட்டில். குரல் ஏறியதும், அடி விழும்வரை காத்திருக்காமல் தம்பியின் கையைப் பிடித்து வெளியே போய்விடு. அங்கிருந்து போலீஸ் அவசர எண் 112. "அப்பா அம்மாவை அடிக்கிறார், உள்ளே அம்மா மட்டும் இருக்கிறார்கள், இடம் இது" என்று மூன்று விஷயம் போதும். பதற்றத்தில் விலாசம் மறந்துபோகும். பக்கத்து மசூதியோ கோயிலோ பள்ளியோ, ஊருக்கே தெரிந்த ஒரு அடையாளத்தைச் சேர்த்து எழுதி போன் கவருக்குள் வைத்துக்கொள்.

உள்ளே நின்று கத்துவதை விட, வெளியே நின்று நாலு வீட்டு ஆட்களைக் கூட்டுவது அம்மாவுக்கு அதிகம் உதவும். எதிர் வீட்டில் ஓர் ஆச்சியோ அத்தையோ இருப்பார்களே, அவர்களிடம் பகலிலேயே சொல்லி வை. "ராத்திரி நான் வந்து தீப்பெட்டி கேட்டா, ஆளுங்களைக் கூட்டிட்டு வாங்க" என்பது போல ஒரு வார்த்தை. நம்மவர்கள் "குடும்ப விஷயம்" என்று ஒதுங்குவார்கள். ஆனால் முன்கூட்டியே பொறுப்பு கொடுத்த ஒருவர் அப்படி எளிதில் ஒதுங்குவதில்லை.

அந்தப் பவுடரை வாங்காதே. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. குடி நிறுத்த டாக்டர் கொடுக்கும் மாத்திரையில் ஒன்று டைசல்ஃபிரம். கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு கொடுப்பது. தெரியாமல் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கடைப் பொட்டலத்தில் அதுதான் இருக்கிறதா, வேறு என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது. அப்பா கண்டுபிடித்துவிட்டால் அடி யார் மேல் விழும் என்பதையும் யோசி.

பாட்டிலை ஒளிப்பதும் கொட்டுவதும் அதே வகைதான். பல வருஷம் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை இல்லாததெல்லாம் கண்ணில் தெரிந்து பிதற்றலாம். நம் ஊரில் "பேய் பிடிச்சிருக்கு" என்று சொல்வது பல சமயம் இதைத்தான். குடியை நிறுத்துவது ஆஸ்பத்திரி வேலை. சயான் மனநலப் பிரிவில் கேட்கலாம், ஆனால் அவரை அங்கே கூட்டிப் போவது பெரியப்பாவின் வேலை. மாப்பிள்ளை பார்க்கும் அக்கறையில் பாதியை இதில் காட்டட்டும்.

1098 பற்றி உன் தோழி சொன்னது பாதி பயம், பாதி பழைய கதை. இந்த எண் 1996-இல் பம்பாயில்தான் ஆரம்பித்தது, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஒரு திட்டமாக. இன்று அரசு நடத்துகிறது. காசில்லாத போனிலிருந்தும் கூப்பிடலாம், எடுத்ததும் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை. விஷயம் பெரிதென்றால் குழந்தைகள் நலக் குழுவின் முன் போகும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்பது விதி. விடுதியில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்று 2015-ஆம் வருடத்து சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. அதற்கு முன்னால் அம்மா, சித்தி, பாட்டி என்று விசாரிப்பார்கள். அதனால் போன் செய்யும்போது "நாங்கள் இன்னார் வீட்டில் இருக்க முடியும்" என்று ஒரு பெயரோடு பேசு. 18 முடிந்தபின் இந்தக் கதவு உனக்கு மூடிவிடும், பிறகு பெண்கள் உதவி எண் 181-தான். அடியைத் தாண்டி யாராவது உன்னைத் தொடும் தொல்லையும் இருந்தால், அம்மா சம்மதத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இன்றே கூப்பிடு.

கல்யாணப் பேச்சுக்கும் இதே எண். 18 முடியாமல் செய்யும் திருமணம் குற்றம், ஊரிலும் 1098 எடுக்கும். பரீட்சை முடிந்ததும் "ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வா" என்றால், ஆதாரும் மார்க்ஷீட்டும் உன்னோடு போகக்கூடாது.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம். ஆதார், பிறப்புச் சான்றிதழ், 10-ஆம் வகுப்பு மார்க்ஷீட், ஸ்கூல் லீவிங் சர்டிஃபிகேட், ஜாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், அம்மாவின் பாஸ்புக் முதல் பக்கம். எல்லாவற்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். ஒன்று நீ நம்பும் டீச்சரிடம், ஒன்று தோழி வீட்டில். அசலை ஒரே நாளில் எடுத்தால் பெட்டி காலியாகத் தெரியும், ஒவ்வொன்றாக எடு. டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்வார்கள். உன் ஆதாரில் அப்பாவின் நம்பர் இருந்தால் ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். முதலில் ஆதார் மையத்தில் நேரில் போய் உன் நம்பரை ஏற்று. பேங்க் கணக்கும் அப்படியே. அப்பா கார்டியனாக இருக்கும் கணக்கில் பணம் போடாதே. 10 வயதுக்கு மேல் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ள ரிசர்வ் பேங்க் அனுமதிக்கிறது, எந்த பேங்க் உனக்குத் தருகிறது என்று கேட்டுப் பார்.

அம்மா விஷயத்தில் அவசரப்படாதே. "கிளம்புறோம்" என்று மிரட்டுவதும், கிளம்பும் நாளும்தான் இந்த வீடுகளில் மிக ஆபத்தான நேரம். முடிவு செய்தால் சொல்லாமல் செய்ய வேண்டும். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் காதில் போட்டு வை: 2005-ஆம் வருடத்து குடும்ப வன்முறைச் சட்டப்படி வெளியேற வேண்டியது அம்மா என்று இல்லை. வீடு யார் பெயரில் இருந்தாலும் அம்மாவுக்கு அங்கே வாழ உரிமை உண்டு. அப்பாவை வெளியே இருக்கச் சொல்லி மாஜிஸ்திரேட் உத்தரவு போடலாம். அடிக்கக்கூடாது என்று அவர் போடும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வக்கீல் இலவசம், வருமானம் பார்ப்பதில்லை, எண் 15100. போலீஸ் சௌக்கிக்குப் போனால் "என்சி எழுதிக்கோங்க" என்பார்கள். என்சி என்றால் நான்-காக்னிசபிள் புகார், கோர்ட் சொல்லாமல் அவர்கள் விசாரிக்க மாட்டார்கள். அதுவும் இல்லாமல் திரும்புவதை விட அதன் நகலை வாங்கி வருவது மேல். தேதியோடு ஒரு காகிதம் சேரும். பம்பாய் போலீஸோடு சேர்ந்து டாடா நிறுவனம் 1984-இலேயே தொடங்கிய 'ஸ்பெஷல் செல்' எங்கே இருக்கிறது என்று அங்கேயே கேளுங்கள். அங்கே சமூகப் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள், பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கை நடுக்கத்துக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சாயங்காலம் நடுங்குவது உன் உடம்பு கடிகாரம் பார்க்கக் கற்றுக்கொண்டதால். அந்த நேரத்தில் வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே கேட்டுக்கொண்டிருப்பது படிப்பு ஆகாது. பக்கத்தில் அப்யாசிகா (பொதுப் படிப்பறை) இருந்தால் ஒன்பது மணி வரை அங்கே படி, மனப்பாடத்தைக் காலையில் தண்ணி வருவதற்கு முன் வைத்துக்கொள். அக்கவுண்ட்ஸ் கணக்குகளை மட்டும் அப்யாசிகாவிலேயே முடி, பாதியில் எழுந்தால் பேலன்ஸ் ஷீட் தொலைந்துபோகும். ஹால் டிக்கெட் டீச்சரிடம் இருக்கட்டும், நகல் உன் பையில். பரீட்சைக்கு முந்தைய ராத்திரிகளில் தோழி வீட்டில் படுக்க இப்போதே கேட்டு வை. "க்ரூப் ஸ்டடி" என்றால் அப்பாவும் பெரிதாகக் கேட்கமாட்டார்.

தம்பியை மறந்துவிடாதே. அவன் அப்பாவைத் தடுக்க வேண்டாம், போன் செய்யவும் வேண்டாம். அவனுக்கு ஒரே வேலைதான்: நீ அவன் தோளைத் தொட்டதும் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆச்சி வீட்டுக்கு ஓடி "தீப்பெட்டி" என்று சொல்வது. ஞாயிற்றுக்கிழமை, அப்பா இல்லாத நேரத்தில் விளையாட்டு மாதிரி இரண்டு தடவை ஓட வை. எத்தனை நொடி ஆகிறது என்று அவனையே எண்ணச் சொல்.