வாசகர் கேள்வி – பதில்: வெட்டுப்பட்ட காட்சிகள் திரும்பி வரும்போது

கேள்வி: பழைய படங்களைச் சீரமைத்து, முதன்முதலில் திரையிட்ட வடிவத்திலேயே தருவதாகச் சொல்கிறார்கள். எப்போதோ வெட்டியெறிந்த காட்சி எந்த இடத்தில் இருந்தது என்பது இன்று எப்படித் தெரியும்? இத்தனை தொழில்நுட்பம் வந்த பிறகும் அந்தக் காட்சிகளில் கீறல்கள் ஏன் அப்படியே இருக்கின்றன?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மானிய ஊமைப் படத்தின் கதையைச் சொன்னால் உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும். 1927 ஜனவரி 10 அன்று பெர்லினில் முதல் காட்சி நடந்தபோது அதன் நீளம் 4,189 மீட்டர். அமெரிக்க வெளியீட்டுக்காக அதைக் கண்டபடி வெட்டினார்கள். ஜெர்மனியிலேயே அதே ஆண்டு ஏறத்தாழ கால் பங்கைக் குறைத்துவிட்டார்கள். கதையில் இறந்துபோன ஹெல் என்ற பெண்ணின் பெயர், ஆங்கிலத்தில் நரகத்தைக் குறிக்கும் சொல்லைப் போல ஒலிக்கிறது என்பதற்காக அமெரிக்கப் பிரதியில் அவளையே நீக்கினார்கள். அவளை இழந்த ஏக்கத்தில்தான் விஞ்ஞானி ரோட்வாங் இயந்திரப் பெண்ணை உருவாக்குகிறான் என்பதால், அவள் போனதும் அவன் செய்வதற்கெல்லாம் காரணமே இல்லாமல் போயிற்று.

முழுப் படம் அழிந்தே போனதென்று பல பத்தாண்டுகள் நம்பியிருந்தார்கள். அர்ஜென்டினாவில் நடந்த ஒரு பழைய திரையிடலில், புரொஜெக்டர் சரியாகப் பிடிக்காததால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகப் படச்சுருளை விரலால் அழுத்திக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது என்று ஒருவர் சொல்லக் கேட்ட திரைப்பட வரலாற்றாளர் பெர்னாண்டோ மார்ட்டின் பெஞ்ஞா, கிடைத்த பிரதிகள் எதுவும் அவ்வளவு நேரம் ஓடாதே என்று யோசித்தார். அந்த விரல்தான் வழிகாட்டியது. 2008-இல் புவெனஸ் ஐரிஸ் திரைப்பட அருங்காட்சியகத்தில் பெட்டிகளைத் திறந்தபோது, 16 மி.மீ. அகலச் சிறிய படச்சுருள் பிரதியாக ஏறத்தாழ முழுப் படமும் இருந்தது. காட்சிகளின் வரிசைக்கு அந்தப் பிரதியோடு, கோட்ஃபிரீட் ஹுப்பெர்ட்ஸ் எழுதிய இசைக்குறிப்பும் கைகொடுத்தது. எந்த இசை எந்தக் காட்சிக்கு உரியது என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் அதில் குறித்திருந்தார்கள்.

இனி கீறல்கள். ஓடித் தேய்ந்த 35 மி.மீ. பிரதியிலிருந்து 16 மி.மீ.க்கு மாற்றியபோது, திரையில் மழை பெய்வது போன்ற அந்தக் கோடுகளும் படத்தோடு படமாகப் பதிந்துவிட்டன. மேலே படிந்த அழுக்கென்றால் கழுவலாம். உள்ளே பதிந்ததை ஓரளவுக்கு மேல் அழித்தால் முகங்களும் சேர்ந்து அழியும். அந்த மாற்றத்தில் படத்தின் ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டதால், கிடைத்ததைப் பெரிதாக்கித் திரையை நிரப்பாமல், இழந்த இடத்தைக் கறுப்புப் பட்டையாகவே விட்டிருக்கிறார்கள். இந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் திரும்பிவந்த அந்த வடிவம் 2010 பிப்ரவரி 12 அன்று பெர்லினில் இசைக்குழுவோடு திரையேறியது. கிடைக்காத இரண்டு காட்சிகளுக்கு என்ன நடந்தது என்பதை எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: ‘ஷோலே’ இந்திப் படம் இப்போது அசல் முடிவோடு வந்திருக்கிறதே, 1975-இல் திரையரங்குகளில் ஓடியது அதுதானா?
— வாசகி, மதுரை

பதில்: இல்லை. இயக்குநர் ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவில், முன்னாள் காவல் அதிகாரியான தாக்கூர் ஆணி பதித்த காலணியால் கொள்ளைக்காரன் கப்பரை மிதித்தே கொல்கிறார். நெருக்கடி நிலைக் காலத்துத் தணிக்கை அதை ஏற்காததால், காவல்துறை வந்து தடுத்துக் கைது செய்வதாக மாற்றி எடுத்தார்கள்; 1975 ஆகஸ்ட் 15 முதல் மக்கள் பார்த்தது இதைத்தான். மூல நெகட்டிவ் கெட்டுப்போயிருந்ததால், மும்பையிலும் இங்கிலாந்திலும் கிடைத்த சுருள்களைக்கொண்டு சீரமைத்து, 2025 ஜூனில் இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் திரையிட்ட வடிவம் இயக்குநர் விரும்பிய படம். அவர் மனத்தில் இருந்த முடிவு அரை நூற்றாண்டு கழித்தாவது திரைக்கு வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனாலும் கைதோடு முடிகிற படமும் அதே அக்கறையோடு காக்கப்பட வேண்டும் என்பேன். ஜார்ஜ் லூக்காஸ் தம்முடைய 1977-ஆம் ஆண்டுப் படமான ‘ஸ்டார் வார்ஸ்’ஸில் 1997-இல் கணினிக் காட்சிகளைச் சேர்த்தபின், முதலில் வெளியான வடிவத்தைத் திரையரங்கில் பார்ப்பது நெடுங்காலம் அரிதாகிவிட்டது, அன்று பார்த்தவர்கள் அதே படத்தைத் தங்கள் பிள்ளைகளை அழைத்துச்சென்று காட்ட முடியவில்லை. ‘ஷோலே’யில் காவல்துறை வந்து நிற்கும் அந்தக் கடைசிக் காட்சி, ஓர் அரசு ஒரு படத்தின் முடிவை மாற்றியதற்கான சாட்சியம், அதுவும் பெட்டிக்குள் போய்விடக் கூடாது.