லேசர் வண்டி சொல்ற ரோடு கணக்கை எவ்ளோ நம்பலாம்?

கேள்வி: ஹைவேல லேசர், கேமரா எல்லாம் மாட்டின சர்வே வண்டி ஓடுதே, ஒரே ரோட்டை ரெண்டு தடவை அளந்தா ரெண்டு நம்பர் வருதாமே? அப்புறம் எதை நம்பி ரோடு போடறாங்க? – வாசகர், விழுப்புரம்

பதில்: அது நெட்வொர்க் சர்வே வெஹிக்கிள், சுருக்கமா என்எஸ்வி. ரெண்டு தடவை ஓட்டினா நம்பர் கொஞ்சம் மாறத்தான் செய்யும், அது தப்பே இல்ல. எவ்ளோ வரைக்கும் மாறலாம்னு முன்னாடியே எழுதி வெச்சு, அதைத் தாண்டினா அந்த டேட்டாவை திருப்பி அனுப்பறாங்களா, அதான் விஷயம்.

ரோடு எவ்ளோ தூக்கிப் போடுதுங்கறதை ஐஆர்ஐன்னு ஒரு அளவுல சொல்றாங்க. 1982ல வேர்ல்ட் பேங்க் பிரேசில்ல நடத்தின சோதனைலேர்ந்து வந்தது இது, 80 கிமீ வேகத்துல ஒரு கார் சக்கரம் போனா சஸ்பென்ஷன் மொத்தமா எவ்ளோ ஆடும்னு கணக்கு போட்டு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர்னு சொல்லுவாங்க. நம்ம ஊர்ல அதிகமா ஓடினது பம்ப் இன்டக்ரேட்டர், ஜீப்புக்கு பின்னாடி 32 கிமீ வேகத்துல இழுக்கற ஒத்தை சக்கர வண்டி, ஸ்பிரிங் தளர்ந்தாலோ டயர்ல காத்து கொறஞ்சாலோ ரீடிங்கே மாறிடும். லேசர் வண்டில அந்தத் தொல்லை கம்மி, ஏன்னா வண்டி குதிக்கறதை தனியா ஒரு சென்சார் அளந்து கழிச்சிடுது. ஆனா அது ஓரளவு சீரான வேகத்துல ஓடினாத்தான், டோல் கேட் டிராஃபிக்ல நின்னு நின்னு போனா இல்லாத மேடுபள்ளமெல்லாம் ரீடிங்ல வந்துடும். டிரைவர் ஒரு அடி தள்ளி ஓட்டினா வேற சக்கரத் தடம். கான்கிரீட் ரோடுன்னா காலைல ஒரு ரீடிங், உச்சி வெயில்ல வேற ரீடிங், ஸ்லாப் சூட்டுல வளையும். சாதா கேமரா படத்துல மர நிழலை வெடிப்புன்னு எண்ணிடறதும் உண்டு, தண்ணி நிக்கற ரோட்டுல லேசரும் சரியா வேலை செய்யாது.

இதையெல்லாம் விட பெரிய பிரச்னைன்னு நான் நினைக்கறது இடம்தான். வண்டி தூரத்தை சக்கரம் சுத்தறதை வெச்சு எண்ணுது, ஓட ஓட டயர் சூடாகி சுத்தளவு லேசா மாறும், ஆயிரத்துக்கு ஒண்ணு பிசகினாலே 50 கிமீ போறதுக்குள்ள 50 மீட்டர் தள்ளிடும். ரிப்போர்ட் 100 மீட்டர் 100 மீட்டரா இருந்தா பாதி துண்டு மாறிப்போச்சு, போன வருஷ ரீடிங்கை இந்த வருஷத்தோட ஒப்பிடவே முடியாது. அதனால ஜிபிஎஸ்ஸோட சேர்த்து, கிலோமீட்டர் கல், பாலம்னு தெரிஞ்ச இடத்துலயெல்லாம் தூரத்தை திருப்பி சரி பண்ணிக்கணும். வேலையே பாக்காத ரோடு போன வருஷத்தை விட நல்லாயிடுச்சுன்னு ரிப்போர்ட் சொன்னா, அந்தத் துண்டை எடுத்து வெச்சு திரும்ப அளக்கணும், ஆனா நல்ல செய்தியை யாரும் செக் பண்றதில்லை, அங்கதான் தப்பு ஒளிஞ்சிருக்கும்.

அமெரிக்கால 2017ல ஒரு விதி கொண்டு வந்தாங்க, ஒவ்வொரு மாநிலமும் மெஷின் காலிபரேஷன் (அளவு சரியா காட்டுதான்னு பாத்து சரி பண்றது), கையால அளக்கறவங்களுக்கு சர்டிபிகேட், சர்வேக்கு முன்னாடியும் நடுவுலயும் செக்கிங், சாம்பிள் எடுத்து சரிபார்க்கறது, தப்பு வந்தா எப்படி தீர்க்கறது, எது வரைக்கும் ஏத்துக்கறதுன்னு எழுதி மத்திய ஹைவே துறைகிட்ட ஒப்புதல் வாங்கணும். வண்டியையும் ஒரே இடத்துல திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்து, கையால அளக்கற துல்லியமான கருவியோட ஒப்பிட்டுத்தான் பாஸ் பண்றாங்க. இங்கயும் சர்வே எடுக்கற கம்பெனிக்கு சொல்லாம, சம்பந்தமில்லாத இன்னொரு டீம் சில துண்டுகளை மட்டும் அளந்து வெச்சு ஒப்பிடணும்ங்கறது என் கருத்து. மொத்த சர்வே செலவுல இது சின்ன தொகைதான், பேட்ச் ஒர்க்கா புது தார் லேயரான்னு கோடிக்கணக்குல முடிவு பண்றதே இந்த நம்பரை வெச்சுத்தானே.

கேள்வி: செல்போன் ஆப் வெச்சு நாமளே அளக்க முடியாதா? – கல்லூரி மாணவி, மதுரை

பதில்: குழி எங்க இருக்குன்னு காட்டறதுக்கு நல்லா உதவும்மா. ஐஆர்ஐக்கு பதிலா வெச்சுக்க முடியாது, போன் அளக்கறது உங்க வண்டி ஆடறதை, ஸ்கூட்டில ஒரு நம்பர், கார்ல ஒரு நம்பர் வரும். ஒரே பஸ் தினமும் ஒரே ரூட்ல ஓடினா அந்த டேட்டால மாற்றம் நல்லா தெரியும், ப்ராஜெக்ட்டுக்கு அதை எடுங்க, முதல்ல ரீடிங் தெரிஞ்ச ஒரு ரோட்டுல ஓட்டி ஒப்பிட்டுட்டு ஆரம்பிங்க.